வீட்டை இழுத்துக் கட்டினா பரணையும் ரெட்டிப்பாக்கணுமா?

போன மாசம் 20-ம் தேதி. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ஆபீஸ்ல ஆணி பிடுங்கி முடிச்சு திருவள்ளூர் லோக்கல்ல தொத்திக்கிட்டு வந்துட்டிருக்கேன். ஆவடி தாண்டறப்ப அப்பாகிட்டேர்ந்து போன்.

"டேய், லேப்டாப்பு அப்படியே நின்னுபோச்சுடா. மவுஸு நகர மாட்டேங்குது. அந்த லைட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டே கீது."

"எதையும் தொடாதீங்கப்பா. கொஞ்ச நேரத்துல அதுவே சரியாயிடும்."

பட்டாபிராம் போச்சு. திருநின்றவூர் போச்சு. "இன்னும் எரியுதுடா." செவ்வாப்பேட்டை போச்சு. "இன்னும்." புட்லூர்ல இறங்கி, வண்டியை எடுத்துக்கிட்டு காக்களூர் சிட்கோ எஸ்டேட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள அப்பாவுக்குப் பொறுமை போயிடுச்சு. ஒயரைப் புடுங்கிட்டார். அந்த லேப்டாப்புல பேட்டரி செத்து வருஷக் கணக்காச்சு. ஒயரைப் புடுங்கினா அவ்வளவுதான், கதம்.

போனது என்னென்ன? அன்னிக்கு ஜிஎஸ்டி 3பி போட கடைசி நாள். அது ஒரு நாள் தள்ளிப்போச்சு, 50 ரூபாய் தண்டம். அது பரவாயில்லை. மூணு மணி நேரம் உட்கார்ந்து அப்பா போட்டுக்கிட்டிருந்த ஒரு கொட்டேஷன், சேவ் பண்ணாதது, போயிடுச்சு. மறுநாள் காலையில பத்து மணிக்குள்ள அனுப்பணும்னு கேட்டிருந்தாங்க. அப்பா திரும்ப உட்கார்ந்து போட்டு அனுப்பறப்ப மதியம் ரெண்டு. வேலை வேற பட்டறைக்குப் போயிடுச்சு. ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் வெச்சு ஜாப் ஒர்க் பண்றவருக்கு ஒரு ஆர்டர்ங்கறது என்னன்னு வெளியில சம்பளம் வாங்கற எனக்கே தெரியும்.

இதுல குத்தவாளி யாருன்னு பார்த்தா, நான்தான். எப்படின்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. நடுவுல அறுபது வருஷ சரித்திரம் ஒண்ணு வரும். கொஞ்சம் பொறுத்துக்குங்க :-)

முதல்ல அந்தப் பொட்டியைப் பத்தி. கொசுவர்த்திச் சுருளை ஏத்திக்கலாம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி, இந்தத் திட்டங்களை எல்லாம் அப்ப முதல்வரா இருந்த ஜெயலலிதா தொடங்கி வெச்சது எங்க ஊர்ல, இதே காக்களூர்லதான். நான் அப்ப ஸ்கூல் பையன். ஊர் முழுக்க கொடி, பஸ் எல்லாம் எங்கேயோ சுத்திப் போச்சு, இவ்வளவுதான் ஞாபகம். அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல தமிழ்நாட்டுல 50 லட்சத்துக்கும் மேல மடிக்கணினி பசங்க கைக்குப் போச்சு. எனக்கு பிளஸ் டூவுல கிடைச்சது. மூடி மேல அம்மா படம். உள்ள 2 ஜிபி ரேம், 320 ஜிபி டிஸ்க். விண்டோஸ் 7-ம் இருக்கும், பாஸ் லினக்ஸும் இருக்கும். பாஸ்ங்கறது சென்னையில இருக்கற சி-டாக் ஆளுங்க டெபியனை வெச்சு உருவாக்கினது. நம்ம கிளாஸ்ல அதைத் திறந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான்னு நினைக்கறேன். மெக்கானிக்கல் படிச்சிட்டு இப்ப பொட்டி தட்டிப் பொழைக்கறேன்னா அதுக்கு அந்த மெனுவுல ரெண்டாவது வரிதான் காரணம்.

நான் வேலைக்குப் போனதும் லேப்டாப் அப்பாவோட பட்டறைக்கு வந்துச்சு. விண்டோஸை எடுத்துட்டு முழுக்க லினக்ஸ் போட்டுக் குடுத்தேன். போடும்போது ஸ்வாப் எவ்வளவுன்னு கேட்டுச்சு. யோசிக்கவே இல்லை. காலேஜ்ல சீனியர் சொன்ன சூத்திரம்: ரேம் எவ்வளவோ அதுக்கு ரெண்டு மடங்கு. 2 ஜிபி ரேம், 4 ஜிபி ஸ்வாப். எட்டாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

அந்த ராத்திரிக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் பழைய டிடிஆர்3 ரேம் 4 ஜிபி ஒண்ணு வாங்கிட்டு வந்து காலியா இருந்த ஸ்லாட்ல சொருகினேன். 2 + 4 = 6. இப்ப சூத்திரப்படி ஸ்வாப் 12 ஜிபி ஆகணும். அங்கதான் கை நின்னுச்சு. ரேம் கம்மியா இருந்தப்ப ஸ்வாப் 4 போதும்னா, ரேம் ஜாஸ்தியானதும் ஸ்வாப்பும் ஜாஸ்தியாகணும்ங்கறது என்ன நியாயம்? வீட்டை இழுத்துக் கட்டி ரெண்டு ரூம் கூட்டினா பரண்ல சாமான் குறையத்தானே செய்யும்?

பரண்னு தெரிஞ்சேதான் சொல்றேன். ஸ்வாப்புக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் வார்த்தை எனக்குத் தெரியலை. புழங்கற சாமான் கூடத்துல இருக்கும். பொங்கலுக்கு மட்டும் எடுக்கற பித்தளைப் பானை பரண்ல இருக்கும். வேணும்னா ஏணி போட்டு ஏறி எடுத்துக்கலாம். கூடம்தான் ரேம், பரண் டிஸ்க்ல ஒதுக்கற ஸ்வாப். பரண்ல வெக்கறதுல ஒரு தப்பும் இல்லை. ஆனா தினம் குழம்பு வெக்கற சட்டியும் பரண்ல, கரண்டியும் பரண்லன்னா என்ன ஆகும்? சமையல் நடக்காது. ஏணி ஏறி இறங்கறது மட்டும்தான் நடக்கும். அன்னிக்கு ஆவடியிலேர்ந்து புட்லூர் வரைக்கும் எரிஞ்ச லைட்டு அந்த ஏணிதான்.

இந்தப் பரண் வேலையை மொத மொதல்ல மனுஷன் கையிலேர்ந்து மெஷினுக்கு மாத்தினது இங்கிலாந்துல மான்செஸ்டர் யுனிவர்சிட்டியில. டாம் கில்பர்ன் குழுவும் ஃபெரான்டி கம்பெனியும் சேர்ந்து பண்ணின அட்லஸ் கம்ப்யூட்டர், 1962 டிசம்பர் 7-ல் திறப்பு விழா. அதுக்கு முன்னாடியெல்லாம் புரோகிராம் எழுதறவரே, எந்தத் துண்டு எப்ப மெமரியில இருக்கணும், எது டிரம்ல இருக்கணும்னு கணக்குப் போட்டு எழுதணும். மெமரின்னா அப்ப கோர் மெமரி, மோதிரம் மாதிரி பொடிப் பொடி காந்த வளையங்களைக் கம்பியில கோத்துச் செஞ்சது. யானை விலை. டிரம்ங்கறது சுத்திக்கிட்டே இருக்கற காந்த உருளை. விலை கம்மி, வேகமும் கம்மி.

அட்லஸ்ல கோர் மெமரி 16,384 சொல். டிரம் 98,304 சொல். ஒரு சொல்லுக்கு 48 பிட். இன்னிக்குக் கணக்குல சொன்னா 96 கேபி ரேம், 576 கேபி பரண். இப்ப நம்ம கையில இருக்கற போன்ல எடுக்கற ஒரு போட்டோ கூட அதுக்குள்ள அடங்காது. கில்பர்ன் குழு பண்ணின தந்திரம், ரெண்டையும் 512 சொல் கொண்ட பக்கங்களா வெட்டி, புரோகிராமுக்கு ரெண்டும் ஒரே பெரிய மெமரி மாதிரி தெரியவெச்சது. கேட்ட பக்கம் கோர்ல இல்லைன்னா மெஷினே டிரம்லேர்ந்து எடுத்துட்டு வரும், இடத்துக்கு வேற ஒரு பக்கத்தை வெளிய அனுப்பும். எதை அனுப்பறதுன்னு பழைய பழக்கத்தைப் பார்த்து முடிவு பண்ண ஒரு சின்ன புரோகிராமும் எழுதி வெச்சாங்க. ஒரே அடுக்குச் சேமிப்புன்னு பேர் வெச்சாங்க. இன்னிக்கு நம்ம லேப்டாப் பண்றது அடிப்படையில இதேதான்.

இங்க கவனிக்க வேண்டியது, பரண் கூடத்தைப் போல ஆறு மடங்கு. ரெண்டு மடங்குங்கற சாஸ்திரமெல்லாம் அப்ப கிடையாது. மெமரி வாங்கக் காசு இல்லை, டிரம் வாங்கக் காசு இருக்கு. அவ்வளவுதான் கணக்கு.

ஐடியா பிரமாதமா இருந்துச்சா, எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க. புடிச்சதும் ஒரு வியாதியும் வந்துச்சு. ஒரே மெஷின்ல நாலஞ்சு பேர் புரோகிராம் ஓடும்போது, நல்லா போயிட்டிருக்கும். இன்னும் ஒருத்தரைச் சேர்த்ததும் திடீர்னு எல்லாரும் சேர்ந்து படுத்துடுவாங்க. ஒருத்தர் கேக்கற பக்கத்துக்காக இன்னொருத்தரோட பக்கத்தை வெளிய தள்ளணும், அவர் உடனே அதைத் திரும்பக் கேப்பார். எல்லாம் ஏணியிலயே நிக்கும். இதுக்கு த்ராஷிங்னு பேர். ஏன் வருதுன்னு சரியா விளக்கினவர் பீட்டர் டென்னிங். 1968-ல் எம்ஐடியில டாக்டர் பட்டம் வாங்கின வருஷமே ரெண்டு கட்டுரை. ஒண்ணு ஒர்க்கிங் செட் பத்தி, இன்னொண்ணு த்ராஷிங் பத்தி.

ஒர்க்கிங் செட்டுனா, ஒரு புரோகிராம் ரொம்ப சமீபத்துல தொட்ட பக்கங்களோட கூட்டம். புரோகிராம் 100 பக்கம் பெருசா இருக்கலாம், ஆனா இந்த நிமிஷத்துல அது புழங்கறது 20 பக்கமா இருக்கும். அந்த 20-ம் ரேம்ல இருக்கறவரைக்கும் மீதி 80 எங்க கிடந்தாலும் கவலை இல்லை. எல்லா புரோகிராமோட ஒர்க்கிங் செட்டையும் கூட்டினா அது ரேமைத் தாண்டுதா, தீர்ந்தது. எவ்வளவு பெரிய பரண் கட்டினாலும் உதவாது. யாரையாவது ஒருத்தரை வெளிய உட்காரச் சொல்றதுதான் வழின்னார் டென்னிங். இந்த ஒரு விஷயம் அம்பது வருஷத்துக்கும் மேல பழசு. நான் படிச்சது அப்பாவோட கொட்டேஷன் போனதுக்கு அப்புறம்.

நம்ம ஊர்க் கதை ஒண்ணு இதுக்கு நடுவுல வருது. 1970 ஜூன் 30-ல் ஐபிஎம் தன்னோட புது 370 வரிசையை அறிவிச்சுது. மொதல்ல வந்தது 155, 165-னு ரெண்டு மாடல். பெரிய மெஷின். ஆனா ரெண்டுலயும் இந்தப் பரண் வித்தை கிடையாது. பக்கத்து முகவரியை மாத்திக் குடுக்கற ஹார்டுவேரே உள்ள இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு 1972 ஆகஸ்ட் 2-ல், இனிமே எங்க மெஷின்ல வர்ச்சுவல் மெமரி உண்டுன்னு 158, 168-னு புது மாடல்களைக் காட்டினாங்க. அதுக்கு முன்னாடி ஆசையா 155 வாங்கினவங்க? தனியா ஒரு பெட்டி வாங்கி மாட்டிக்கலாம், விலை ரெண்டு லட்சம் டாலர். அன்னிய ரேட்ல கிட்டத்தட்ட 15 லட்சம் ரூபாய். 165 வெச்சிருந்தவங்களுக்கு நாலு லட்சம் டாலர். வாங்கின கஸ்டமர்கள் ஐபிஎம்மை என்ன வாழ்த்தியிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

நம்ம சென்னை ஐஐடிக்கு 1973-ல் வந்தது இந்த 370/155 மாடல்தான். 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோட ஆரம்பிச்ச இன்ஸ்டிட்யூட். அட்டையில ஓட்டை போட்டு, கட்டுக் கட்டாக் கொண்டுபோய் கவுன்ட்டர்ல குடுத்துட்டு, பிரின்ட்டுக்குக் காத்திருந்த காலம். அந்தத் தலைமுறைக்கு மெமரிங்கறது அளந்து போடற சாமான். இன்னிக்கு ரிச்சி தெருவுல தட்டுல குவிச்சு வெச்சு பழைய ரேமைப் பேரம் பேசறப்ப இதெல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு. கடைக்காரர் நான் என்ன முழிக்கறேன்னு பார்த்துட்டு நூறு ரூபாய் குறைச்சுட்டார், அது வேற விஷயம்.

சரி, அந்த ரெண்டு மடங்கு எங்கேர்ந்து வந்துச்சு? அதுக்கு யூனிக்ஸ் பக்கம் போகணும். பிடிபி-11 மெஷின்ல ஓடின ஆரம்பகால யூனிக்ஸ், பக்கம் பக்கமா எல்லாம் மாத்தாது. ஒரு புரோகிராமை மொத்தமா டிஸ்குக்குத் தூக்கிடும், இன்னொண்ணை மொத்தமா உள்ள கொண்டுவரும். ஸ்வாப்னா இடம் மாத்திக்கறதுதானே, அந்தப் பேர் வந்ததே அப்படித்தான். பிறகு பெர்க்லி யுனிவர்சிட்டியில வாக்ஸ் மெஷின் வாங்கினாங்க. அங்க மாணவரா இருந்த ஓசால்ப் பாபாவ்லுவும் பில் ஜாயும் சேர்ந்து யூனிக்ஸுக்கு பக்கம் பக்கமா மாத்தற வித்தையை எழுதினாங்க. 1979 கடைசியில 3பிஎஸ்டின்னு வெளிய வந்துச்சு. வாக்ஸ் ஹார்டுவேர்ல ஒரு பக்கத்தை யாராவது தொட்டாங்களான்னு குறிச்சு வெக்கற பிட்டே கிடையாது. இவங்க அதையும் சாஃப்ட்வேர்லயே ஒப்பேத்தினாங்க. நல்லா இருக்கற பக்கத்தை வேணும்னே இல்லைன்னு குறிச்சு வெக்கறது, யாராவது வந்து கதவைத் தட்டினா ஓஹோ, இது புழக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சுக்கறது. நம்ம ஊர் மூளைடா இதுன்னு தோணுச்சு எனக்கு :-)

இப்ப முக்கியமான இடம். அந்த பிஎஸ்டி முறையில, ஒரு புரோகிராம் மெமரி கேட்டா, அதுக்கான இடத்தை ஸ்வாப்ல முன்கூட்டியே ஒதுக்கிடும். பக்கம் ரேம்ல சொகுசா உட்கார்ந்திருந்தாலும் பரண்ல அதுக்குன்னு ஒரு இடம் ரிசர்வ். அதனால மொத்தமா எவ்வளவு மெமரி தரமுடியும்ங்கறதை முடிவு பண்றது ரேம் இல்லை, ஸ்வாப். யோசிச்சுப் பாருங்க. 8 எம்பி ரேம் இருக்கு, ஸ்வாப் 4 எம்பின்னா, பாதி ரேம் இந்த வேலைக்கு ஆகாமக் கிடக்கும். கூடம் காலியா இருக்கு, ஆனா பரண்ல இடம் இல்லை, அதனால விருந்தாளியை உள்ள விடமாட்டேங்கற மாதிரி. சன் கம்பெனியோட சன்ஓஎஸ் 4 வரைக்கும் இதே கதை. இந்த முறையில ரேம் கூட்டினா ஸ்வாப்பும் கட்டாயம் கூட்டணும். ஸ்வாப் ரேமைவிடப் பெருசா இருந்தாத்தான் பரண் கட்டினதுக்கே அர்த்தம். ரெண்டு மடங்குங்கறது அந்த மண்ணுல நியாயமான பயிர்.

லினக்ஸ் அந்த மண்ணு இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில வாங்கின 386 பொட்டியில 4 எம்பி ரேம். அதே வருஷம் லினக்ஸை வெளிய விட்டப்ப ஸ்வாப்பே கிடையாது. ஜெர்மனியில ஒருத்தர் 2 எம்பி ரேம் மட்டும் வெச்சுக்கிட்டு கம்பைல் பண்ண முடியாம திண்டாடினாராம். கிறிஸ்துமஸ் லீவுல லினஸ் உட்கார்ந்து அதை எழுதிட்டார். 1992 ஜனவரியில வந்த 0.12-ல் லினக்ஸுக்குப் பரண் கிடைச்சுது. ரேம் வாங்கக் காசில்லாத ஒருத்தருக்காக வந்த வசதி. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

லினக்ஸ்ல ஸ்வாப்பும் ரேமும் கூட்டல் கணக்கு. 2 ஜிபி ரேம், 4 ஜிபி ஸ்வாப்னா கிட்டத்தட்ட 6 ஜிபி வரைக்கும் இழுக்கும். முன்பதிவெல்லாம் இல்லை. சொல்லப்போனா கேக்கறவங்களுக்கெல்லாம் இருக்கறதைவிட ஜாஸ்தியா வாக்குக் குடுத்துட்டு, கடைசியில இடம் பத்தலைன்னா யாராவது ஒரு புரோகிராமைக் கொன்னுடும். அந்தக் கொலையாளிக்கு ஓஓஎம் கில்லர்னு பேர். 2004-ல் ஆண்ட்ரீஸ் பிரவர் இதைக் கிண்டல் பண்ணி ஒரு கதை எழுதினார். எரிபொருள் மிச்சம் பண்ண விமானக் கம்பெனி கம்மியா ஊத்திக்கிட்டுப் பறக்குமாம், பத்தலைன்னா ஒரு பயணியைத் தேர்ந்தெடுத்து வெளிய தூக்கிப் போடுமாம். யாரைப் போடறதுங்கறதுதான் ஆராய்ச்சியாம்!

ஆரம்பத்துல ஒரு ஸ்வாப் 128 எம்பிக்கு மேல போகவே முடியாது. எந்தப் பக்கம் நல்லா இருக்குங்கற குறிப்பையெல்லாம் ஒரே ஒரு 4 கேபி பக்கத்துல அடக்கினாங்க. 4096 பைட்டுல 32,768 பிட், ஒரு பிட்டுக்கு 4 கேபி, பெருக்கினா 128 எம்பி. 1999-ல் வந்த 2.2-ல்தான் அந்தக் கட்டு அவுந்துச்சு. ஆக லினக்ஸ்ல ரெண்டு மடங்கு வேணும்ங்கற கட்டாயம் ஒண்ணும் இல்லை.

அப்படின்னா எங்க சீனியருக்கு எங்கேர்ந்து வந்துச்சு? 2001 ஜனவரியில வந்த 2.4-லேர்ந்து. அதோட ஆரம்பப் பதிப்புகள்ல, பரண்லேர்ந்து ஒரு பக்கத்தைக் கூடத்துக்கு இறக்கினாலும் பரண்ல அதோட இடத்தைக் காலி பண்ணாது. பானை கீழ வந்துடுச்சு, மேல அதோட இடம் அப்படியே பூட்டிக் கிடக்கு. ஸ்வாப்பும் ரேமும் ஒரே அளவுன்னா ஒண்ணோட நகல்தான் இன்னொண்ணுல இருக்கும், லாபம் பூஜ்யம். அதனால ஸ்வாப் வெச்சா ரெண்டு மடங்கு வை, இல்லைன்னா வைக்காதேன்னு சொல்ல வேண்டியதாச்சு. ஜனம் கத்தோ கத்துன்னு கத்தினாங்க. அந்த வருஷம் செப்டம்பர்ல 2.4.10 வந்தப்ப, ரிக் வான் ரீல் எழுதின மெமரிப் பகுதியை எடுத்துட்டு ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி எழுதினதை மொத்தமா மாத்தி வெச்சார் லினஸ். நிலையான பதிப்போட நடுவுல இதயத்தையே மாத்தின அந்த ஆபரேஷனுக்கு அவர் வாங்கின திட்டு தனிப் பதிவு தேறும்.

அந்தக் குறை போயே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வாய்ப்பாடு மட்டும் இருக்கு. அதை எங்க காலேஜ்ல சீனியர் சொன்னார், நான் என் ஜூனியருக்குச் சொன்னேன். அவன் யாருக்குச் சொன்னானோ. விண்டோஸ் எக்ஸ்பியும் தன் பங்குக்கு ஒன்றரை மடங்குல ஆரம்பிச்சு மூணு மடங்கு வரைக்கும் போகலாம்னு வெச்சிருந்துச்சு.

சரி, அப்பாவோட 6 ஜிபிக்கு எவ்வளவு? விசாரிச்சா ஊருக்கு ஒரு பேச்சு. ரெட் ஹேட் பட்டியல்படி 2-லேர்ந்து 8 ஜிபி வரைக்கும் ரேம் அளவுக்கே ஸ்வாப், அதாவது 6. ஹைபர்னேட் வேணும்னா 12. உபுண்டுவோட பழைய உதவிப் பக்கம் ரேமுக்கு வர்க்கமூலம் எடுக்கச் சொல்லுது, சுமார் 2. ஹைபர்னேட் வேணும்னா 8. ஒரே லேப்டாப், நாலு விடை. ஸ்வாப் எதுக்குன்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு நினைச்சுக்கிட்டு சொல்றதால வர்ற குழப்பம் இது.

ஹைபர்னேட்னா ரேம்ல இருக்கற அத்தனையையும் டிஸ்க்ல எழுதிட்டுத் தூங்கறது. அதுக்கு மட்டும்தான் ஸ்வாப் அளவு ரேமோட கூடவே வளரணும். அதுவும் சுருக்கித்தான் எழுதும், லினக்ஸ் சும்மா இருக்கறப்ப படத்தை ரேம்ல அஞ்சுல ரெண்டு பங்குக்குள்ள அடக்கப் பார்க்கும். அப்பா லேப்டாப்புல பேட்டரியே இல்லை. கரண்ட் போனா தூங்கறதுக்கு அவகாசம் ஏது? காலையில ஸ்விட்ச் போடறார், ராத்திரி ஷட்டவுன் பண்றார். அந்தக் கணக்கு அடிச்சாச்சு.

அடுத்து, அன்னிக்கு என்னதான் நடந்துச்சுன்னு கணக்குப் போட்டேன். பிரவுசர்ல ஜிஎஸ்டி தளம், கஸ்டமர் அனுப்பின ரெண்டு பெரிய பிடிஎஃப் டிராயிங், லிப்ரேகேட், லிப்ரேஆபீஸ் கால்க். ஒர்க்கிங் செட் 3 ஜிபிக்கு மேல. ரேம் 2, அதுலயும் டிஸ்பிளேவுக்கு ஒரு பங்கு போயிடும். மிச்சம் ஒரு ஜிபிக்கு மேல பரண்ல. பழைய சுத்தற டிஸ்க், ஒரு இடத்துக்குத் தலை போய் படிக்க சுமார் 10 மில்லிசெகண்ட். நொடிக்கு 100 பக்கம். ஒரு ஜிபின்னா 2,62,144 பக்கம். ஒவ்வொண்ணா எடுத்தா 44 நிமிஷம்! கெர்னல் பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து அள்ளிட்டு வரும்னாலும், எடுக்கறது ஒரு பக்கம், தள்ளறது மறுபக்கம்னு ஓடறப்ப அது பெருசா கைகொடுக்காது. ஆவடி - புட்லூர் கணக்கு இப்ப புரியுதா?

என் தப்பு எங்கன்னா, 4 ஜிபி பரண் இருந்ததாலதான் மெஷின் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. பரண் சின்னதா இருந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல ரொம்பி, ஓஓஎம் கில்லர் வந்து அனேகமா பிரவுசரைத் தூக்கி வெளிய போட்டிருக்கும். ஜிஎஸ்டி தளத்தைத் திரும்பத் திறந்துக்கலாம். கொட்டேஷன் பிழைச்சிருக்கும். டென்னிங் சொன்ன, ஒருத்தரை வெளிய உட்கார வைங்கங்கறதை செய்யவிடாம நான் ரெண்டு மடங்கு போட்டு வெச்சிருந்தேன்.

அப்ப ஸ்வாப்பே வேணாம்னு எடுத்துடலாமான்னும் யோசிச்சேன். அதுவும் சரியில்லை. ஸ்வாப் இல்லைன்னா புரோகிராமோட சொந்த டேட்டாவை வெளிய தள்ளமுடியாது, ஆனா புரோகிராமோட கோடு டிஸ்க்லயே இருக்கறதால அதைத் தூக்கி எறிஞ்சிட்டுத் திரும்பப் படிக்கும். காலையிலேர்ந்து தொடாத குப்பை கூடத்துல கிடக்கும், குழம்புச் சட்டி வாசலுக்குப் போகும். ஸ்வாப் இல்லாமலும் த்ராஷிங் வரும்கறது நிறைய பேருக்குத் தெரியாது.

புது ரேம் போட்டு ஒரு வாரம் சும்மா கவனிச்சேன். மணிக்கொரு தரம் 'ஃப்ரீ' கமாண்டும் 'விஎம்ஸ்டாட்'டும் எழுதி வெக்கற மாதிரி ஒரு குட்டி ஸ்கிரிப்ட். எல்லாம் திறந்திருக்கறப்ப உச்சம் 3.4 ஜிபி. ஸ்வாப்ல போய் உட்கார்ந்தது 200 எம்பிக்குள்ள. முக்கியமா விஎம்ஸ்டாட்ல உள்ள வர்றது, வெளிய போறதுன்னு ரெண்டு பத்தி இருக்கும். அது ரெண்டும் சதா பூஜ்யம். பரண்ல எவ்வளவு சாமான் இருக்குங்கறது பிரச்சினையே இல்லை, ஏணியில யாராவது நிக்கறாங்களாங்கறதுதான் பார்க்கணும்.

ஸ்வாப்பினெஸ் 60-ஐ 10 ஆக்குன்னு ஆபீஸ்ல ஒரு நண்பன் சொன்னான். அது ரேம் 60 சதவீதம் ரொம்பினதும் ஸ்வாப் ஆரம்பிக்கும்னு அர்த்தம்னு விளக்கமும் குடுத்தான். இல்லை சாமி. ரெண்டு வகைப் பக்கத்துல எதை முதல்ல தள்ளறதுன்னு பாரபட்சம் சொல்ற எண் அது. நான் தொடலை.

முடிவு 2 ஜிபி. ரேம் மூணு மடங்கானதும் ஸ்வாப் பாதியாச்சு. பழைய 4 ஜிபி பார்ட்டிஷனை நிறுத்திட்டு, 2 ஜிபிக்கு ஸ்வாப் ஃபைல் ஒண்ணு. உபுண்டுவே 2017-லேர்ந்து பார்ட்டிஷனை விட்டுட்டு ஃபைல்தான் போடுது, பிறகு கூட்டவோ குறைக்கவோ சுலபம். மனசுல உறுத்தற இன்னொண்ணு, இசட்ரேம். ரேம்லயே ஒரு ஓரத்துல பக்கங்களைச் சுருக்கி அடுக்கற வித்தை. 2014-ல் 3.14 கெர்னல்லயே முழுசா சேர்ந்துடுச்சு, ஃபெடோரா 2020-லேர்ந்து அதைத்தான் தானா போடுது. 2 ஜிபி இருந்தப்பவே அதைப் போட்டிருந்தா காசு செலவில்லாம ஓரளவு சமாளிச்சிருக்கலாம். அப்பா போன்ல அதேதான் ஓடிக்கிட்டிருக்கு, பட்டறை லேப்டாப்புல போடணும்னு எனக்குத் தோணலை.

இந்த மாசம் 20-ம் தேதி சாயங்காலம் ஆறரைக்கே அப்பா போன்.

"போட்டாச்சுடா. ஒரு தடவை கூட நிக்கல. ஆமா, அந்தக் காலி பண்ண நாலு ஜிபின்னியே, அது சும்மாதானே கீது? பழைய டிராயிங்கெல்லாம் அதுல போட்டுக்கவா?"

"போட்டுக்கங்கப்பா."

"அந்த புஷ் ஆர்டர் குடுத்தாங்களே... மறுபடியும் ஒரு டிராயிங் அனுப்பிக்கிறாங்க. இந்தவாட்டி காலையிலயே உக்காந்து போட்டு அனுப்பிட்டேன்."

பி.கு: பழைய ஸ்வாப் பார்ட்டிஷனை எடுக்கறவங்க எஃப்எஸ்டேப்ல அந்த வரியை எடுத்தா மட்டும் பத்தாது. டெபியன், உபுண்டு வகையறாவுல ஹைபர்னேட்டுக்காக அதோட அடையாள எண்ணை இன்னொரு இடத்துலயும் குறிச்சு வெச்சிருக்கும், அந்த ரெஸ்யூம் அமைப்பையும் மாத்தி இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பிக்கணும். மறந்தா ஒவ்வொரு தடவை பூட் ஆகறப்பவும் இல்லாத பார்ட்டிஷனைத் தேடிக்கிட்டு அரை நிமிஷம் நிக்கும். மறந்தேன். மறுநாள் காலையில எட்டு மணிக்கே அப்பா போன்: "டேய், திரும்பவும் நின்னுபோச்சுடா..."